வாட்ச்மேனின் விசில் யாருடையது?

மைதானத்துக்குள்ளே சாதி இல்லை, அங்கே திறமைதான் பேசும் என்று சொல்கிறவர்கள் உண்டு. நம் தோழர்களிலேயே சிலர் அப்படி நம்புகிறார்கள். இருக்கட்டும். ஆனால் மைதானத்துக்கு ஒரு கேட் இருக்கிறது. கேட்டில் ஒரு ஆள் நிற்கிறார். பெயர்ப் பட்டையில் ‘செக்யூரிட்டி’ என்று போட்டிருக்கும், ஊர் வாயில் இன்னும் வாட்ச்மேன்தான். அவர் யாரை மறிக்கிறார், யாரைக் கண்டதும் ஸ்டூலை விட்டு எழுந்திருக்கிறார் என்று கால்மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தால் போதும், உள்ளே நடக்கிற ஆட்டத்தின் விதிகளில் பாதி தெரிந்துவிடும். ஆட்டத்தைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் கேட்டைப் பற்றி எழுதுகிறேன்.

2022 மே மாதம் டெல்லி தியாகராஜ் ஸ்டேடியத்தில் நடந்த கூத்து பலருக்கு ஞாபகம் இருக்கும். 2010 காமன்வெல்த் போட்டிகளுக்காக மக்கள் பணத்தில் கட்டிய ஸ்டேடியம் அது. அங்கே பயிற்சி எடுக்கிற பிள்ளைகளும் பயிற்சியாளர்களும் சில மாதங்களாகவே மாலை ஏழு மணிக்குள் வெளியே துரத்தப்படுகிறார்கள் என்று இந்தியன் எக்ஸ்பிரஸ் பத்திரிகை எழுதியது. அரை மணி நேரம் கழித்து சஞ்சீவ் கிர்வார் என்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி தன் நாயைக் கூட்டிக்கொண்டு அங்கே உலாவ வருவார். அதற்காக வாட்ச்மேன்கள் விசில் ஊதிக்கொண்டே ஓடுபாதையை நோக்கி நடந்து போய் ஆட்களைக் காலி செய்வார்கள். எப்போதாவது நாயைக் கூட்டிப் போவதுண்டு, யாருடைய பயிற்சியையும் கெடுக்கவில்லை என்று அதிகாரி மறுத்தார். செய்தி வந்த அன்றே அவரை லடாக்குக்கும், அதிகாரியான அவர் மனைவியை அருணாசலப் பிரதேசத்துக்கும் தூக்கியடித்தார்கள். (லடாக்கும் அருணாசலமும் யாருக்குத் தண்ணியில்லாக் காடு என்று அந்த ஊர்க்காரர்களைக் கேட்க வேண்டும். அது வேறு கதை.)

நாடே நாயைப் பார்த்துச் சிரித்தது. நான் அந்த விசிலையே யோசித்துக்கொண்டிருந்தேன். ஓடிக்கொண்டிருக்கிற ஒரு பெண்ணை, குண்டு எறிந்துகொண்டிருக்கிற ஒரு பையனை, வெளியே போ என்று சொல்ல அந்த வாட்ச்மேனுக்கு அதிகாரம் எங்கிருந்து வந்தது? எழுத்தில் ஓர் உத்தரவை யாரும் அவர் கையில் கொடுத்திருக்க மாட்டார்கள். கண் காட்டியிருப்பார்கள். அதிகாரி மேலாளரைப் பார்க்க, மேலாளர் சூப்பர்வைசரைப் பார்க்க, சூப்பர்வைசர் வாட்ச்மேனைப் பார்க்க, வாட்ச்மேன் விசிலை வாயில் வைக்க... நம் நாட்டில் பெரும்பாலான உத்தரவுகள் இப்படிக் கண்ணிலேதான் இறங்கி வருகின்றன. சாதியும் அப்படித்தானே இறங்கி வந்தது.

நான் வக்கீல் இல்லை. பி.காம். படித்துவிட்டு வங்கியில் நோட்டு எண்ணுகிறவன், ராத்திரியில் கவிதை எழுதுகிறவன். இருந்தாலும் இந்த விஷயத்தில் சட்டம் என்ன சொல்கிறது என்று தேடிப் பார்த்தேன். தனியார் பாதுகாப்பு முகமைகள் ஒழுங்குமுறைச் சட்டம் என்று 2005இல் ஒன்று வந்திருக்கிறது. ஏஜென்சிக்கு லைசென்ஸ் வேண்டும், ஆளுக்குப் போட்டோ ஒட்டிய அடையாள அட்டை வேண்டும், பயிற்சி வேண்டும் என்கிறது. வகுப்பில் 100 மணி நேரம், களத்தில் 60 மணி நேரம், குறைந்தது 20 வேலை நாள் என்று மத்திய மாதிரி விதிகள் கணக்குச் சொல்கின்றன. கூட்டத்தைக் கையாளுவது, தீயணைப்பு, முதலுதவி, எஃப்.ஐ.ஆர். எப்படிப் பதிவாகும் என்பது வரை பாடத்திட்டத்தில் இருக்கிறது. 21ஆம் பிரிவுதான் எனக்குப் பிடித்தது. ராணுவம், போலீஸ் உடுப்புப் போலத் தோற்றம் தருகிற சீருடையைத் தனியார் காவலாளி போட்டால் ஓராண்டு வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். நம்மூரிலோ தூரத்திலிருந்து பார்த்தால் போலீஸ் மாதிரி இருக்க வேண்டும் என்பதற்காகவே உடுப்புத் தைக்கிறார்கள்.

சரி, அதிகாரம்? தேடித் தேடிப் பார்த்தால் ஒன்றுமில்லை. உங்களுக்கும் எனக்கும் உள்ளதுதான் அவருக்கும். ஜாமீனில் விட முடியாத, போலீஸ் வாரண்ட் இல்லாமலே கைது செய்யக்கூடிய குற்றத்தை ஒருவன் தன் கண் முன்னே செய்தால் யாரும் அவனைப் பிடித்து வைக்கலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் அது 43ஆம் பிரிவு. 2024 ஜூலையிலிருந்து நடைமுறையில் இருக்கிற புதிய சட்டத்தில் 40ஆம் பிரிவு. பிடித்தவனை ஆறு மணி நேரத்துக்குள் போலீசிடம் ஒப்படைக்க வேண்டும் என்று கெடுவும் வைத்திருக்கிறது. தன் உயிரையும் பிறர் உயிரையும் காக்கத் தேவையான அளவு பலம் பிரயோகிக்கலாம். அதுவும் எல்லோருக்கும் உள்ள உரிமைதான். இதற்கு மேல், இடத்துக்குச் சொந்தக்காரர் சார்பாக டிக்கெட் கேட்கலாம், பையைத் திறந்து காட்டச் சொல்லலாம், காட்டாவிட்டால் உள்ளே விட மாட்டேன் என்று சொல்லலாம். அவ்வளவுதான். கன்னத்தில் அறைவதற்கோ, செல்போனைப் பிடுங்கி வைத்துக்கொள்வதற்கோ, சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் ஷெட்டுக்குள் உட்கார வைப்பதற்கோ அவருக்குச் சட்டம் இடம் தரவில்லை.

இதை நான் எழுதுவது வாட்ச்மேன்களைக் காட்டிக்கொடுக்க அல்ல. போன மாதம் மாணவத் தோழர்கள் சிலர் ஒரு துண்டறிக்கை எழுதிக்கொண்டு வந்தார்கள். ஒரு மைதான கேட்டில் அவர்களைத் தள்ளிவிட்ட வாட்ச்மேனை ‘ஆதிக்கத்தின் கைக்கூலி’ என்று அதில் எழுதியிருந்தது. கூலி என்பது சரிதான், எவ்வளவு கூலி என்று விசாரித்தீர்களா என்று கேட்டேன். அவர்களுக்குக் கோபம் வந்துவிட்டது. அந்தக் கோபத்துக்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

எங்கள் வங்கி ஏ.டி.எம்.மில் நிற்கிற அண்ணாச்சி ஒருவர் இருக்கிறார். ஏஜென்சி ஆள். கிளைக்குள் என்னை ‘சார்’ என்பார், எதிர்த்த டீக்கடைக்குப் போனதும் ‘தம்பி’ என்பார். காலை எட்டு முதல் ராத்திரி எட்டு வரை டூட்டி. இந்தப் பக்கம் பெரிய மேட்ச் எதுவும் நடந்தால் அவரையும் வேனில் ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள். சட்டப்படி 160 மணி நேரம் டிரெயினிங் உண்டாமே அண்ணாச்சி என்று கேட்டேன்.

“டிரெயினிங்கா? பச்சக் கலர்ல ஒரு ஜாக்கெட்டு, ஒரு விசிலு. வேன்ல போகும்போதே சூப்பர்வைசர் சொல்லிருவான். ‘பாஸ் இல்லாதவன உள்ள விடாத, பெரிய ஆளு வந்தா மறிக்காத.’ பெரிய ஆளு யாருன்னு எப்படிக் கண்டுபிடிக்கன்னு கேட்டேன் தம்பி. ‘மூஞ்சப் பாத்தாத் தெரியாதா’ங்கான்.”

மூஞ்சப் பாத்தாத் தெரியாதா! அந்த 160 மணி நேரப் பாடமும் இந்த மூன்று வார்த்தையில் முடிந்துபோயிற்று. நம் நாட்டில் மூஞ்சியைப் பார்த்து என்ன தெரியும்? நிறம் தெரியும், சட்டை தெரியும், செருப்பு தெரியும், நிற்கிற நிலையில் ஒரு கூச்சம் தெரியும். இவற்றைக் கூட்டிக் கழித்து ஒரு கணத்தில் ஆளை எடை போடுகிற வித்தையைத்தான் சாதி நமக்கு எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்து வைத்திருக்கிறது. வேறெந்தப் பயிற்சியும் இல்லாத ஆளை கேட்டில் நிறுத்தினால் அவர் தனக்குத் தெரிந்த பயிற்சியைத்தான் பயன்படுத்துவார்.

கல்லூரியில் படிக்கும்போது இந்த ஊரிலேயே ஒரு மைதானத்துக்கு, நண்பன் 400 மீட்டர் ஓடுவதைப் பார்க்கப் போனேன். கேட்டில் நின்றவர் “எந்த ஊரு?” என்றார். சொன்னேன். “ஊருக்குள்ளயா, காலனியா?” என்றார். ஓட்டம் பார்க்க வந்தவனுக்கு எந்தத் தெருவாக இருந்தால் என்ன? அவர் என்ன சாதி என்று இன்றுவரை எனக்குத் தெரியாது, நானும் விசாரிக்கவில்லை. விசாரித்தால் அவர் கேட்டதையே நானும் கேட்டதாகும். அரசு ஆவணங்களிலிருந்து ‘காலனி’ என்ற சொல்லை நீக்கப்போவதாக 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்போம். கேட்டில் நிற்கிற வாய்க்கு எந்த அரசாணை எப்போது போய்ச் சேரும் என்பதையும் கேட்போம்.

ஏனென்றால் இது வெறும் மரியாதைப் பிரச்சினை இல்லை. அரசியல் சட்டத்தின் 15(2) பிரிவை நாம் கிணறு, குளம், டீக்கடைக்காகத்தான் மேற்கோள் காட்டுகிறோம். அதில் பொதுக் கேளிக்கை இடங்களும் இருக்கின்றன, பொதுமக்கள் கூடுகிற இடங்களும் இருக்கின்றன. 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டத்திலும் இருக்கிறது. 2015இல் திருத்திய வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(za) பிரிவு, பொதுப் பொழுதுபோக்கு இடத்துக்குள் தலித்தோ பழங்குடியினரோ நுழைவதைத் தடுப்பதே குற்றம் என்கிறது. ஆக, வாட்ச்மேன் தெருவைக் கேட்டு மறித்தால் அவர் வேலை எல்லையை மீறியதோடு நிற்கவில்லை, ஒரு வன்கொடுமைக்குள் காலை வைக்கிறார். அவரை வைக்கச் செய்தவன் பின்னால் நாற்காலியில் உட்கார்ந்திருப்பான். புகார் எழுதும்போது நம் தோழர்கள் கேட்டில் நின்றவர் பேரை எழுதுகிறார்கள், நாற்காலியில் இருந்தவன் பேரை விட்டுவிடுகிறார்கள். துண்டறிக்கையிலும் அதுதான் நடந்தது.

இந்த இடத்தில் நெல்லைச் சீமைக்காரன் என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டும். ‘காவல்’ என்ற சொல்லுக்கு இந்த மண்ணில் ஒரு பழைய வரலாறு உண்டு. திசைக்காவல், தலக்காவல் என்று பாளையக்காரர் காலத்திலிருந்தே காவல் உரிமை ஆதிக்கச் சாதிகளின் கையில் இருந்தது. விளைச்சலில் காவல் கூலி வாங்குவார்கள். கொடுக்காத ஊரில் மாடு காணாமல் போகும். காணாமல் போன மாட்டைக் கண்டுபிடித்துத் தருவதற்குத் துப்புக்கூலி என்று தனியாக ஒரு வசூல் இருந்தது. அதாவது திருடுகிறவனும் காக்கிறவனும் ஒரே ஆள். அதே ஊரில் ராத்திரி முழுக்க வயலில் கிடந்து மடை பார்த்தது, நெற்களத்தில் கண் விழித்தது, பிணத்துக்குக் காவல் இருந்தது நம் மக்கள். அதற்குக் காவல் என்று பேர் கிடையாது, ஊழியம் என்று பேர். காவல் ‘உரிமை’யாக இருந்தபோது அது அவர்களுடையது. நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம் நின்றுகொண்டே செய்கிற கூலி வேலையாக ஆனதும் நம்மையும் கூப்பிட்டுச் சீருடை மாட்டிவிட்டிருக்கிறார்கள். மழை தப்பிப் போன மானாவாரிக் காட்டுக்காரர், பீடிக் கம்பெனியில் வேலை போனவர், நம் காலனி அண்ணன் என எல்லோரும் அந்த வேனில்தான் போகிறார்கள்.

நம்மை மறிப்பதற்காக ஆயுதத்தோடு ஒரு ஆளை நிறுத்திய கதை அம்பேத்கருக்கும் உண்டு. 1934இல் தன் தோழர்களோடு தௌலதாபாத் கோட்டையைப் பார்க்கப் போனார். அங்கே குளத்தில் கைகால் கழுவியதற்குப் பெரிய ரகளை. கடைசியில் கோட்டைக்குள் போகலாம், ஆனால் எங்கேயும் தண்ணீரைத் தொட்டுவிடாமல் பார்த்துக்கொள்ள ஆயுதம் ஏந்திய ஒரு சிப்பாய் கூடவே வருவான் என்றார்கள். அந்தச் சிப்பாய்க்கு அம்பேத்கர் மேல் என்ன விரோதம் இருந்திருக்கும்? அன்றைக்கு டூட்டி அது. ‘என்னை நிற்கச் சொன்னார்கள், நின்றேன்’ என்பதுதான் எல்லாக் காலத்திலும் காவலாளியின் வாக்குமூலம். அந்த வாக்குமூலத்தை நாம் ஏற்க வேண்டியதில்லை. ஆனால் அதில் ‘சொன்னார்கள்’ என்றொரு சொல் இருக்கிறது. நாம் பிடிக்க வேண்டிய நுனி அதுதான்.

பெரிய இடத்தில் வாட்ச்மேன் தன் வேலையைச் சரியாகச் செய்தால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு உதாரணம் உண்டு. 2012 மே மாதம் மும்பை வான்கடே ஸ்டேடியத்தில் ஐ.பி.எல். ஆட்டம் முடிந்தபின் மைதானத்துக்குள் இறங்கிய சிறுவர்களைக் காவலாளிகள் தடுத்தார்கள். ஷாருக் கான் சண்டைக்குப் போனார். குழந்தைகள் மேல் கை வைத்தார்கள் என்றார் அவர். காவலாளிகளை ஆபாசமாகத் திட்டினார் என்றது மும்பை கிரிக்கெட் சங்கம். அவர் ஸ்டேடியத்துக்குள் வர ஐந்து வருடத் தடை போட்டது சங்கம், 2015இல் தானே நீக்கிக்கொண்டது. யார் சொன்னது சரியோ, ஒரு பெரிய நடிகருக்கு எதிராக வாட்ச்மேன் பக்கம் ஒரு சங்கம் நின்றது என்று நாம் கைதட்டலாம். சங்கம் தன் கௌரவத்துக்காக நின்றதா, அந்த ஆளுக்காக நின்றதா என்ற சந்தேகம் மட்டும் எனக்குப் போகவில்லை. தடை போட்டது பெரிய செய்தி, நீக்கியது சின்னச் செய்தி, அந்தக் காவலாளி என்ன ஆனார் என்பது செய்தியே இல்லை.

இனி நம் பள்ளத்தாக்குக்கு வருகிறேன். எனக்கு உறுத்துகிற விஷயம் இங்கேதான் இருக்கிறது.

2025 மார்ச் 10ஆம் தேதி. ஸ்ரீவைகுண்டம் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து பாளையங்கோட்டைக்குப் பரீட்சை எழுதப் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தான் ஒரு தலித் மாணவன். பஸ்ஸை வழியில் மறித்து அவனை வெட்டினார்கள். கை விரல்கள் துண்டாயின. திருநெல்வேலி அரசு மருத்துவமனையில் ஆபரேஷன் செய்து விரல்களைச் சேர்த்தார்கள். பிடிபட்டவர்களும் சிறுவர்களே. கபடிப் போட்டியில் தங்களை இவன் அணி தோற்கடித்துவிட்டது என்ற ஆத்திரம்தான் காரணம் என்று குடும்பத்தார் சொன்னார்கள். மணத்தி கணேசனைக் கொடுத்த சீமை இது. 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் கபடித் தங்கம், அடுத்த வருடம் அர்ஜுனா விருது. அவர் வாழ்க்கையைத் தழுவி 2025இல் ‘பைசன்’ என்று படமே வந்தது. படத்துக்குத் தியேட்டரில் விசில் அடித்த அதே வருடத்தில்தான், பாடிப் போன பையன் ஜெயித்ததற்காகக் கையை இழக்கப் பார்த்தான்.

அந்தப் போட்டியில் கேட் இருந்ததா, காவல் இருந்ததா என்பதல்ல என் கேள்வி. முதல் தரமான செக்யூரிட்டி இருந்ததாகவே வைத்துக்கொள்வோம். அவருடைய வேலை எங்கே முடிகிறது? மைதானத்தின் வேலியில் முடிகிறது. விசில் ஊதி ஆட்டம் முடிந்து லைட்டை அணைத்ததும் முடிகிறது. நம் பிள்ளைகளுக்கு ஆபத்து அதற்குப் பிறகுதானே தொடங்குகிறது? வீட்டுக்குப் போகிற வழியில், அடுத்த வாரம் பஸ்ஸில், பரீட்சை நாளில் காத்திருக்கிறது அது. எல்லா விளையாட்டுப் பாதுகாப்பும் கூட்டம் உள்ளே வந்துவிடக் கூடாது என்ற பயத்தில் செய்தது. ஜெயித்தவன் வெளியே போக வேண்டுமே என்ற கவலை அதில் இல்லை. ஜெயித்தவன் பத்திரமாக வீடு போய்ச் சேருவான் என்பது சாதி இந்து மனதுக்கு இயல்பாகத் தெரிகிற விஷயம், அதனால் அதற்கு ஆள் போடத் தோன்றவில்லை.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 4ஆம் பிரிவு கடமை தவறுகிற அரசு ஊழியரைத் தண்டிக்கிறது. ஏஜென்சி வாட்ச்மேன் அரசு ஊழியர் அல்ல. ஆகவே, ‘வெளியே வா, பார்த்துக்கிடுதோம்’ என்று ஒரு கும்பல் நம் பையனை மிரட்டுவதை அவர் காது குளிரக் கேட்டுவிட்டு வேனில் ஏறிப் போய்விட்டாலும் அந்தப் பிரிவில் அவர் மேல் குற்றமில்லை. போட்டி நடத்தின கமிட்டியும் அரசு ஊழியர் அல்ல. கேட்டவர்கள் எல்லோரும் இப்படிக் குற்றமற்றவர்களாக வீடு போய்ச் சேருகிறார்கள்.

இதற்கு நம்மிடையே ஒரு வைத்தியம் பேசப்படுகிறது. செக்யூரிட்டிகளுக்கு இன்னும் அதிகாரம் கொடு, லத்தி கொடு, பவுன்சர்களைப் போடு என்கிறார்கள். எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை. இந்த மண்ணில் புதிதாக ஒரு கம்பைக் கொண்டுவந்தால் அது யார் முதுகைத் தேடிப் போகும் என்று நமக்குத் தெரியாதா?

வாட்ச்மேன் தன் எல்லையோடு நின்று போலீசைக் கூப்பிடட்டும் என்று இன்னொரு தரப்பு சொல்லும். சட்டப் புத்தகமும் அதைத்தான் சொல்கிறது. ஆனால் திருநெல்வேலியில் அந்த வாக்கியத்தை எழுதும்போது பேனா கொஞ்சம் நிற்கிறது. 1999 ஜூலை 23. மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காகக் கலெக்டர் ஆபீசுக்கு ஊர்வலமாக வந்தவர்களைக் கொக்கிரகுளத்தில் போலீஸ் அடித்துத் தாமிரபரணிக்குள் இறக்கியது. 17 பேர் செத்தார்கள். அதில் பெண்கள் இருந்தார்கள், ஒரு கைக்குழந்தை இருந்தது. கூட்டத்தைக் ‘கட்டுப்படுத்துவது’ என்று போலீஸ் சொன்னால் நமக்கு அந்த ஆற்றுத் தண்ணீர்தான் ஞாபகம் வருகிறது. நான் அப்போது பள்ளிக்கூடப் பையன். அதற்குப் பிறகு ரொம்ப நாள் எங்கள் வீட்டில் யாரும் அந்தப் பாலத்தில் பஸ் போகும்போது ஜன்னல் பக்கம் பார்க்க மாட்டார்கள். அதனால் போலீசைக் கூப்பிடாதே என்று நான் சொல்லவில்லை, கூப்பிடாமல் எஃப்.ஐ.ஆர். எங்கிருந்து வரும்? கூப்பிட்டதோடு நம் பொறுப்பு தீர்ந்தது என்று நினைக்கிற சொகுசு நமக்கு இல்லை என்றுதான் சொல்கிறேன்.

கதவைத் திறக்கிற விஷயமும் ஒன்று இருக்கிறது. 1989இல் இங்கிலாந்தில் ஷெஃபீல்டு நகரத்து ஹில்ஸ்பரோ மைதானத்தில், வெளியே நெரிசல் என்று ஒரு பெரிய கேட்டைத் திறக்கச் சொன்னார் பொறுப்பிலிருந்த போலீஸ் அதிகாரி டேவிட் டக்கன்ஃபீல்டு. ஏற்கெனவே நிரம்பியிருந்த பகுதிக்குப் போகிற சுரங்க வழியை அடைக்க யாரையும் நிறுத்தவில்லை. நசுங்கிச் செத்தவர்கள் கடைசிக் கணக்கில் 97 பேர். ரசிகர்களே கதவை உடைத்துக்கொண்டு வந்தார்கள் என்று அந்த அதிகாரி பொய் சொன்னார். குடிகாரக் கூட்டம் என்று பத்திரிகை எழுதியது. தொழிலாளி வர்க்கத்து லிவர்பூல் குடும்பங்கள் 27 வருடம் அலைந்த பிறகு 2016இல்தான், ரசிகர்கள் மேல் தவறில்லை, இது சட்டவிரோதக் கொலை என்று ஜூரி சொன்னது. குடித்துவிட்டு வந்து தானே செத்தான் என்ற வாசகத்தை நாம் எங்கே கேட்டிருக்கிறோம் தோழர்களே? 2025 ஜூன் 4ஆம் தேதி பெங்களூர் சின்னசாமி ஸ்டேடியத்தில் வெற்றி விழாப் பார்க்க வந்து கேட்டுகளில் நெரிபட்டு 11 பேர் செத்தார்கள். ஏறக்குறைய 35,000 பேர் கொள்ளும் இடத்துக்கு லட்சக்கணக்கில் வரவிட்டார்கள். பிறகு போலீஸ் கமிஷனர் சஸ்பெண்ட், அணி நிர்வாகத்தில் ஒருவர் கைது, அவர்மேல் இவர் இவர்மேல் அவர். இப்படிப்பட்ட நேரத்தில் கேட்டில் நிற்கிற ஆளிடம் சாவி இருக்கும், திறக்கிற தீர்மானம் இருக்காது. அப்பா திறங்கய்யா என்று கத்துகிறவன் முகம் அவருக்கு ஒரு முழம் தூரத்தில் இருக்கும், தீர்மானிக்கிறவன் ஏ.சி. ரூமில் இருப்பான்.

அதனால் எனக்குத் தோன்றுவது இது. வாட்ச்மேனுக்குப் புதிய அதிகாரம் எதுவும் வேண்டாம். அவருக்குப் பார்க்கக் கண் இருக்கிறது, எழுத ஒரு ரெஜிஸ்டர் கொடு. எங்கள் வங்கிக் கிளையில் காவலுக்கு நிற்பவர் ராத்திரி ஒரு நாய் குரைத்தாலும் நோட்டில் எழுதி வைக்கிறார். பணத்துக்குக் காட்டுகிற இந்த அக்கறையைப் பையன்களுக்குக் காட்ட முடியாதா? யார் மிரட்டினான், எந்த நம்பர் பைக் கேட்டுக்கு வெளியே சுற்றியது என்று மைதானத்தில் எழுதி, கமிட்டித் தலைவர் அதில் கையெழுத்துப் போட்டால், நாளைக்குக் கோர்ட்டில் ‘எங்களுக்கு ஒன்றும் தெரியாது’ என்று ஒருத்தனும் சொல்ல முடியாது. ஆபத்து வந்தால் யாரையும் கேட்காமல் கதவைத் திறக்கலாம் என்று எழுத்தில் கொடு. திறந்ததற்காக வேலை போகாது என்று ஏஜென்சி ஒப்பந்தத்தில் எழுது. அவர் என்னென்ன செய்யக் கூடாது, ஊரும் தெருவும் கேட்கக் கூடாது, கை வைக்கக் கூடாது, பெண்களைப் பெண் காவலாளிதான் சோதிக்க வேண்டும், இதையெல்லாம் கேட்டிலேயே தமிழில் பெரிய எழுத்தில் போர்டு வை. கீழே பொறுப்பாளர் பேரும் போன் நம்பரும் போடு. பாளையங்கோட்டை அண்ணா ஸ்டேடியம் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் கையில் இருக்கிறது, வ.உ.சி. மைதானம் மாநகராட்சியுடையது. இரண்டும் நம் பணம். அங்கிருந்து தொடங்கலாம், மனுக் கொடுக்க பஸ் செலவுகூட இல்லை.

கோயில் கொடைக்கும் பொங்கலுக்கும் ஊர் ஊராக நடக்கிற கபடிதான் கஷ்டமான இடம். அங்கே கேட்டும் கிடையாது, ஏஜென்சியும் கிடையாது. ரிப்பன் கட்டின வாலண்டியர்தான் வாட்ச்மேன். அவன் கையில் கட்டியிருக்கிற கயிற்றின் நிறமே அவன் யாருக்கு வாலண்டியர் என்று சொல்லிவிடும். நாங்குநேரிக் கொடுமைக்குப் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு, பள்ளிக்கூடங்களில் சாதிக் கயிறும் பொட்டும் மோதிரமும் கூடாது என்று 2024இல் அறிக்கை கொடுத்தது. அந்த வரியைக் கபடிக் களத்துக்கும் நீட்டச் சொல்லிக் கேட்க வேண்டும். போட்டிக்குப் போலீஸ் அனுமதி கொடுக்கும்போதே, வெளியூர் அணிகள் திரும்பிப் போகிற வரைக்கும் கமிட்டிதான் பொறுப்பு என்று நிபந்தனை போட வைக்க வேண்டும்.

மாணவத் தோழர்கள் இதைப் படித்துவிட்டு, அண்ணன் வாட்ச்மேனுக்கு வக்காலத்து வாங்குகிறார் என்று சொல்வார்கள். சொல்லட்டும். தள்ளிவிட்டவர் மேல் புகார் கொடுக்க வேண்டாம் என்று நான் ஒருநாளும் சொல்லவில்லை. புகாரில் ஏஜென்சி பேரையும் போட்டி நடத்தியவன் பேரையும் சேர்த்து எழுதச் சொல்கிறேன். அந்த வாட்ச்மேனுக்கு அடையாள அட்டை கொடுத்திருந்தார்களா, பயிற்சி கொடுத்திருந்தார்களா, அன்றைக்கு எத்தனை மணி நேரமாக நின்றார் என்றும் அதே புகாரில் கேளுங்கள் என்கிறேன். பதில் வந்தால் அந்த வேனில் இருக்கிற மற்ற ஆட்களும் நம்மோடு பேச வருவார்கள். பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடித்தம் என்று சம்பளத்தில் கழிக்கிறார்கள், கட்டுகிறார்களா என்று தெரியவில்லை என்று ஏ.டி.எம். அண்ணாச்சியே கேட்டுக்கொண்டிருக்கிறார். அதைப் பார்த்துச் சொல்கிறேன் என்று ஒத்துக்கொண்டிருக்கிறேன்.

ஒன்றுதான் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. ஜெயித்த அணியோடு பஸ் ஸ்டாண்டு வரைக்கும், அதற்கப்புறம் ஊர் வரைக்கும் யார் கூடப் போவது? போலீஸ் வேனில் ஏற்றி அனுப்பினால் கைதி மாதிரி இருக்கிறது என்று பையன்களே சொல்கிறார்கள். நம் இளைஞர்கள் பைக்கில் கூடப் போனால் மறுநாள் ‘இரு தரப்பு மோதல்’ என்று எஃப்.ஐ.ஆர். வரும். இதற்கு வழி தெரிந்தவர்கள், உங்கள் ஊரில் எதுவும் செய்து பார்த்தவர்கள், எழுதி அனுப்புங்கள். பொங்கல் போட்டிகளுக்கு முன்னால் வந்து சேர்ந்தால் நல்லது.